தண்ணீர் சொன்ன பெரிய வெள்ளி

சூசையம்மாள் வீட்டு நாய்கூட செபம் முடியாமல் சாப்பிடாது என்று பனந்திட்டில் சொல்வார்கள். கேலிதான், ஆனால் அதில் பொய் இல்லை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் அந்தி சாய்ந்ததும் ஒரு வெடி போடுவார்கள். காவல் மாறுவதற்காகப் போடுகிற வெடி அது. ஏரியைத் தாண்டி அந்தச் சத்தம் பனந்திட்டுக்கு வந்து சேர்ந்ததும், சூசையம்மாள் கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிடுவாள். அரிந்த மீன் பாதியில் கிடக்கும், மகளின் பின்னல் பாதியில் தொங்கும். "முட்டி போடுங்க" என்பாள். புருஷன் ராயப்பனும் மகள் மரியம்மாவும் மறுபேச்சில்லாமல் முட்டி போட வேண்டும். நாய் வாசலில் படுத்துச் சோற்றுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மாதாவையே ஏற்றுக்கொள்ளாதவன் ஒல்லாந்தன். அவன் போடுகிற வெடியைக் கேட்டு ஒரு மீன்காரி மாதாவுக்குச் செபமாலை சொல்கிறாள் என்று கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. சூசையம்மாளுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. "வெடிமருந்து அவனுது, நேரம் சர்வேசுரனுது" என்று சொல்லிவிடுவாள்.

அவள் பிறந்தது மயிலாப்பூர்க் கடற்கரையில், கோவில் மணி காதில் விழுகிற தூரத்தில். ராயப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏரிக்கு நடுவே கிடந்த பனந்திட்டுக்கு வந்தபோதுதான், மணிச் சத்தமே கேட்காத ஊர் என்று ஒன்று இருக்க முடியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. கோவில் பழவேற்காட்டில் இருந்தது. படகில் பாய் கட்டிப் போனால் அரைப் பகல் பிடிக்கும். பாதிரியார் மயிலாப்பூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை, பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் சமயத்தில் வருவார். ஒல்லாந்தருக்கு அவர் வருவது பிடிக்காது, ஆனாலும் விரட்ட மாட்டார்கள். பனந்திட்டில் கிறிஸ்துவை வணங்கும் வேதக்காரர் வீடு ராயப்பன் வீடு ஒன்றுதான். முதல் வருஷம் முழுக்க அவள் அழுதாள். அப்புறம், அழுது என்ன ஆகப்போகிறது, கோவில் இல்லாவிட்டால் வீட்டையே கோவில் மாதிரி நடத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். இதற்கு ராயப்பனின் சம்மதத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

உலையில் அரிசி போடுமுன் சிலுவை அடையாளம். வலையைத் தோளில் ஏற்றுமுன் சிலுவை அடையாளம். கழுத்தில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பது பனந்திட்டுப் பெண்களின் வேலை. மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே துழாவுவார்கள். சூசையம்மாளின் விரல் சேற்றில் இருக்கும், வாய் மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு மந்திரத்துக்கும் அடுத்த மந்திரத்துக்கும் நடுவே ஊர்க்கதையிலும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுவாள். பக்தி இருந்தது என்பதற்காக அவளுக்கு வாய் இல்லாமல் போய்விடவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடுமையான சட்டம் ஒன்று உண்டு. மனசில் கோபத்தை வைத்துக்கொண்டு யாரும் முட்டி போடக்கூடாது. முதலில் சண்டையைத் தீர்க்க வேண்டும், அப்புறம் செபம், அதற்கு அப்புறம்தான் சோறு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதாவது வாய்த்தகராறு வந்துவிட்டால் மரியம்மாவின் பாடு திண்டாட்டம்தான். "நைனா, நீயே தப்புன்னு ஒத்துக்கோ நைனா, பசிக்குது" என்று கெஞ்சுவாள். யார் பேரில் தப்பு என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. யார் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள் என்று மட்டும் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்த வேலிதான் நாகப்பன் வீடு. நாகப்பன் பெண்டாட்டி ராஜம்மா. மரியம்மா பிறந்த சமயம் சூசையம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, பால் வற்றி, பிழைப்பாளா என்றே தெரியாமல் கிடந்தாள். ராஜம்மா தன் பிள்ளை மாரிக்கு ஒரு பக்கம், மரியம்மாவுக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்து இரண்டையும் தேற்றிவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அந்தப் பக்கம் சும்மாதான கெடந்துது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். தினமும் விடிந்ததும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சூசை, எழுந்தியா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கேட்டால்தான் சூசையம்மாளுக்குப் பொழுது விடிந்த கணக்கு.

ராயப்பனும் நாகப்பனும், நாகப்பனின் மைத்துனன் வேலுவும் ஒரே வலைக்காரர்கள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் குச்சிகளை நட்டு, நீரோட்டத்தை மறித்துக் கட்டுகிற வலை அது. மூன்று பேர் இல்லாமல் அதைக் கட்ட முடியாது. முகத்துவாரம் போல இறால் விழுகிற இடம் ஏரியில் வேறு இல்லை என்பதால், இன்ன வலைக்கு இன்ன நாள் என்று ஊரே முறை வைத்திருந்தது. அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வந்த நாளில் நீ வலை கட்டாவிட்டால் அந்த நாள் பின்னால் இருக்கிற வலைக்குப் போய்விடும். மறுபடி சுற்று வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூட்டாளி வரவில்லை என்று வெளியாளைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அப்படி விட்டால் யார் வேண்டுமானாலும் முகத்துவாரத்துக்குள் புகுந்துவிடுவார்கள் என்று ஊர் கட்டுப்பாடு வைத்திருந்தது.

நான் சொல்லவந்த வருஷத்தில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்து, மாசி கடைசியில்தான் திறந்தது. அதுவரை பனந்திட்டில் எல்லார் வீட்டிலும் கஞ்சிதான். நாகப்பன் வீட்டில் சாப்பிடுகிற வாய்கள் அதிகம், அந்தக் கஞ்சியும் தண்ணீராகிக்கொண்டே வந்தது. முகத்துவாரம் திறந்ததும் இறால் கொட்டோ கொட்டென்று கொட்ட ஆரம்பித்தது. எல்லாரும் தங்கள் பாடு வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். ராயப்பன் வலைக்குப் பாடு ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது.

வம்பு அங்கேதான் தொடங்கியது.

சாம்பல் புதன் எப்போது, பெரிய வெள்ளி எப்போது என்று மற்ற வருஷங்களில் மயிலாப்பூரிலிருந்து வரும் படகுக்காரர்கள் சேதி கொண்டுவருவார்கள். அந்த வருஷம் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் வரவில்லை, சேதியும் வரவில்லை; பழவேற்காட்டுக்குப் போய்க் கேட்டுவர இறால் சமயத்தில் யாருக்கும் ஒழியவில்லை. அந்த மாதிரி வருஷங்களுக்கு ராயப்பனின் அப்பா ஒரு வழி சொல்லி வைத்திருந்தார். பங்குனிப் பௌர்ணமி நீர் எந்த வெள்ளிக்கிழமை திட்டுக்கு ஏறி நிற்கிறதோ அதுதான் பெரிய வெள்ளி. ஏரிக்காரர்களுக்கு வானத்தைவிடத் தண்ணீரிடம்தான் நம்பிக்கை அதிகம்.

வியாழக்கிழமை காலையில் சூசையம்மாள் பறியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். ஓரத்துப் பனைமரங்களின் காலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. பறியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மரியா நைனா, நீர் ஏறிடுச்சு. நாளைக்குப் பெரிய வெள்ளி" என்றாள்.

ராயப்பன் அப்போதுதான் குச்சிகளைக் கூராகச் சீவிக்கொண்டிருந்தான். சீவுவதை நிறுத்தினான்.

"நாளைக்கு நம்ம பாடு" என்றான்.

"தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது, தண்ணீரில் கை வைக்க மாட்டார்கள். ராயப்பனின் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அது பாடு விழுகிற நாளோடு மோதியதில்லை. இப்போது மோதிவிட்டது. ராயப்பன் கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு கத்தியை மடித்து வைத்துவிட்டு நாகப்பனிடம் சொல்லப் போனான்.

சற்று நேரத்தில் நாகப்பனே வந்தான். ராயப்பனோடு பேசிப் பிரயோசனமில்லை, தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது என்று அவனுக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே கேட்டான்.

"இன்னா தங்கச்சி, இவன் என்னென்னமோ சொல்றான்? நாளைக்கு வலைக்கு வரமாட்டானாமே?"

"நாளைக்கு எங்க ஆண்டவர் செத்த நாளு அண்ணா. நாங்க தண்ணியில கை வெக்கிறதில்ல."

"நீங்க வெக்காதீங்க. நான் வேணாம்னா சொல்றேன்? ரெண்டு பேரா எப்பிடிம்மா வலை கட்றது? வெளியாள சேத்தா ஊரு சும்மா வுடுமா?"

"வுடாது அண்ணா."

"அப்ப?"

சூசையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். நாகப்பன் கத்துகிற ஆள் இல்லை. அவன் குரல் இறங்கித்தான் போயிற்று.

"உங்க சாமி செத்ததுக்கு எங்க அடுப்பு ஏம்மா அணையணும்?"

ஆண்டவரை முதலில் வை, மற்றது தானாக நடக்கும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். மற்றது என்பதில் அடுத்த வீட்டுச் சோறும் அடங்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் திரும்பிப் போகும்போது ஓடிப் போய், "சரி அண்ணா, கட்டுங்க" என்று சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது. போகவில்லை. சுவரில் இருந்த சிலுவையின் முன்னால் போய் நின்று, "உம்மை முன்னால வெச்சேன். அந்த வூட்ட நீர் பாத்துக்கும்" என்றாள். செபம் என்று அதைச் சொல்ல முடியாது, ஏறக்குறைய மிரட்டல்தான்.

வெள்ளிக்கிழமை ராயப்பன் வீட்டுக் கூரையிலிருந்து புகை வரவில்லை. மரியம்மா ஊறவைத்த அவலை மென்றுகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அடுத்த முறை வலைக்காரர்கள் குச்சிகளைத் தோளில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனார்கள். மறுநாள் விடிந்தபோது அவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து களத்தில் கொட்டினார்கள். அந்த இறாலைக் காயவைக்கக் கூலிக்குப் போன பெண்களில் ராஜம்மாவும் இருந்தாள். அன்று காலை வேலிக்கு மேலே தலை தெரியவில்லை. "சூசை, எழுந்தியா?" என்ற குரலும் வரவில்லை. சூசையம்மாள் எழுந்துதான் இருந்தாள். கேட்பாரில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பி, பாய் கட்டிப் பழவேற்காட்டுக்குப் போனார்கள். பாஸ்கு அல்லவா. ராயப்பன் வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். மரியம்மாவுக்குத் தலை நிறையப் பூ. சூசையம்மாள் கல்யாணப் புடவையை எடுத்து உடுத்தியிருந்தாள். கரையில் இறங்கிக் கோட்டை மதிலை ஒட்டி நடந்து கோவிலுக்குப் போனால், வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூடப் புதுத்துணி உடுத்தியிருக்கவில்லை. எல்லார் கையிலும் இளம் தென்னங்குருத்து இருந்தது. கோவில் ஊழியர் ஒருவர் இவர்கள் கையிலும் ஆளுக்கு ஒன்றைத் திணித்தார்.

"பாஸ்குக்கு எதுக்கும்மா குருத்தோலை?" என்று மரியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

சூசையம்மாள் பக்கத்தில் நின்ற பெண்ணைத் தொட்டாள்.

"அக்கா, இன்னைக்குப் பாஸ்கு இல்லியா?"

"பாஸ்கா? அடுத்த ஞாயிறும்மா. இன்னைக்குக் குருத்தோலை ஞாயிறு. எந்த ஊரு நீ?"

முகத்துவாரம் புதிதாகத் திறந்த வருஷம் அது. கடல் காற்று வேறு தள்ளிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்கு ஏற வேண்டிய நீர் ஒரு வாரம் முன்னாலேயே திட்டில் ஏறிவிட்டது. தண்ணீர் சொன்னது என்று நம்பி, தப்பான வெள்ளிக்கிழமையில் பட்டினி கிடந்து, ஆண்டவரைச் சாகுமுன்பே அடக்கம் செய்துவிட்டார்கள். பின்னாளில் சூசையம்மாளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணப் புடவையோடு, கையில் குருத்தோலையோடு, ஓசன்னா பாடுகிற கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது காற்று எதிர்த்துவிட்டது. படகு ஊர்ந்தது. ராயப்பன் பாயை இழுத்துக் கட்டியபடியே சொன்னான்.

"நாகப்பன் வூட்ல இத்த சொல்ல வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்களுக்கு நம்ம நாளு தெரியவா போவுது? பெரிய வெள்ளி வந்துச்சு, போச்சுன்னு இருப்பாங்க. வர்ற வெள்ளிக்கு நமக்குப் பாடு கெடையாது. நாம சத்தமில்லாம வூட்டுக்குள்ள கும்புட்டுக்கலாம். சொன்னா இன்னா ஆவும்? சாமிக்காவப் போச்சுன்னா ஒரு மாதிரி. ஒண்ணுமே இல்லாததுக்குப் போச்சுன்னா அவன் எப்பிடித் தாங்குவான்? வலையப் பிரிச்சிகினு போய்டுவான்."

ராயப்பன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். வலை பிரிந்தால் அவனுக்குப் பனந்திட்டில் பிழைப்பு இல்லை. புதுக்கூட்டாளி கிடைப்பது சுலபமல்ல, சாமிக்காகப் பாடு நாளை விட்டவனோடு யார் சேருவார்கள்? ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும். அதற்கும் மேலே, ராஜம்மாவின் முகத்தில் இனி விழிக்கவே முடியாமல் போகலாம். சூசையம்மாள் குருத்தோலையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தாள்.

திட்டு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கோட்டையிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. மரியம்மா வழக்கப்படி படகுக்குள்ளேயே முட்டி போட்டுக்கொண்டாள். அம்மா முட்டி போடவில்லை.

"அம்மா, வெடி போட்டாச்சு."

"எழுந்து ஒக்காரு. இன்னும் சண்டை தீரல" என்றாள் சூசையம்மாள்.

ராயப்பன் பெருமூச்சு விட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கரையில் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. கல்யாணப் புடவை சேற்றில் புரள, நேராக நாகப்பன் வீட்டு வாசலுக்குப் போனாள். நாகப்பன் வலைக் கண்ணி முடிந்துகொண்டிருந்தான். ராஜம்மா அடுப்படியில் இருந்தாள். ராயப்பனும் மகளும் பின்னால் வந்து நின்றார்கள்.

"அண்ணா, அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தண்ணீரைப் பார்த்து நாள் வைத்தது, கோவிலில் குருத்தோலை கொடுத்தது, எதையும் மறைக்கவில்லை. "எங்க ஆண்டவர் மேல தப்பில்ல. அவரு உங்க அடுப்ப அணைக்கல. நான்தான் அணைச்சேன். மன்னிச்சிக்கோங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரல" என்றாள்.

நாகப்பன் கை முடிச்சில் நின்றது.

"அப்ப நெசமான நாளு எது?"

"வர்ற வெள்ளிக்கிழமை அண்ணா."

"செத்து, அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை எழுந்து வருவாரு."

"தண்ணியப் பாத்தா நாளு வெச்சீங்க?"

"ஆமாண்ணா."

நாகப்பன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். ராஜம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "புள்ளைக்குப் போய் சோறு போடு. மொகம் வாடிக் கெடக்குது" என்றாள். அவள் கோபத்தில் சொன்னாளா, பிரியத்தில் சொன்னாளா என்று சூசையம்மாளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முட்டி போட்டபோது மனசு லேசாகத்தான் இருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, நாகப்பன் ஊரைக் கூட்டச் சொல்லியிருக்கிறான் என்று தெரியவந்தது. பனந்திட்டில் வலைக்காரன் ஒருவன் ஊரைக் கூட்டினால் அது வலையைப் பிரித்துக்கொடுக்கச் சொல்லித்தான். வேறு எதற்கும் யாரும் கூட்டியதில்லை. ராயப்பன் அன்று சாப்பிடவில்லை. "மயிலாப்பூர்ல உங்க அண்ணனாண்ட எடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்று அவன் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே சூசையம்மாள் அவனை ஆயுசு முழுக்க நேசித்தாள்.

மீன் காயவைக்கும் களத்தில் ஊர் கூடியது. பெரியதனக்காரர் ரங்கன் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் சுற்றி உட்கார, பெண்கள் ஓரமாக நின்றார்கள். சூசையம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். ராஜம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், ஆனால் முகம் பார்க்கவில்லை.

"இன்னா நாகப்பா, வலையப் பிரிக்கணுமா?" என்றார் ரங்கன்.

"வலைக்கு இன்னா வந்துது? நல்லாத்தான கீது" என்றான் நாகப்பன். "நான் கேக்க வந்தது வேற. சாவு வூட்டுக்குப் பாடு தவறாது. சாவு விழுந்த நாளுக்குப் பதில் நாளு ஊரு குடுக்கணும். இது நம்ம கட்டுப்பாடா இல்லியா?"

"ஆமா. யாரு வூட்ல சாவு?"

"ராயப்பன் வூட்ல."

எல்லாரும் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் திருதிருவென்று விழித்தான்.

"போன வெள்ளிக்கிழமை" என்றான் நாகப்பன். "அவங்க சாமி."

களமே சிரித்தது. பின்னால் இருந்து ஒருவன், "சாமி செத்தா அது சாவு வூடா?" என்று கத்தினான்.

நாகப்பன் சிரிக்கவில்லை. "ஏன், அவங்களுக்கு அவரு எவரோவா? காலைல எழுந்தா அவரு பேரு, உலை வெச்சா அவரு பேரு. நம்ம வூட்ல செத்தவங்கள நாம வருசத்துல ஒருவாட்டி நெனைக்கிறோம். கோட்டையில வெடி போட்டா அந்தம்மா நெனைக்குது, தெனமும். அவங்க வூட்டு ஆளு இல்லாம வேற யாரு?"

சிரிப்பு குறைந்தது. ரங்கன் மீசையைத் தடவிக்கொண்டார். நியாயம் பேசும்போது அவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

"சாவு வூடுன்னா அடுப்பு எரியக்கூடாது. எரிஞ்சுதா, இல்லியா?" என்று பெண்கள் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"எரியல" என்று சூசையம்மாளின் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ராஜம்மாதான். "நான் வேலியாண்டயே பாத்துகினு இருந்தேன். காலையில இருந்து ராவு வரைக்கும் புகையே வரல. புள்ள அவலத் தின்னுகினு கெடந்துது."

நாள் முழுக்க ராஜம்மா வேலியோரத்தில் நின்றிருக்கிறாள் என்பது சூசையம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எல்லாம் சரி, நாளு தப்புன்னு சொல்றாங்களே?" என்றான் அந்தப் பின்வரிசைக்காரன். வெள்ளிக்கிழமை இறால் அள்ளியது அவன் வலைதான்.

"தப்புன்னு உனக்கு யாரு சொன்னது? அந்தம்மாவே வந்து என்னாண்ட சொல்லிச்சு. சொல்லாம இருந்தா உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? தண்ணிய நம்பி நாளு வெச்சாங்க. தண்ணிய நம்பி ஏமாறாதவன் இந்தக் களத்துல எவனாச்சும் கீறானா? இருந்தா எழுந்து நில்லு."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியதனக்காரரே கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார். முந்தின வருஷம் நீர் வடியும் என்று நம்பித் தன் வலையையே கடலுக்குக் கொடுத்தவர் அவர்.

"சரி. சாவு வூடுன்னு ஊரு ஒத்துக்குது" என்றார். பிறகு தன் நியாயம் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "போனது வெள்ளிக்கெழம. அதனால வெள்ளிக்கு வெள்ளி. வர்ற வெள்ளிக்கெழம முகத்துவாரம் ராயப்பன் வலைக்கு."

நல்ல தீர்ப்பு என்று நாலு பேர் தலையாட்டினார்கள். பௌர்ணமி கழிந்து நீர் வடிகிற வாரம், இறால் மொத்தமாகக் கடலுக்குக் கிளம்புகிற நேரம். அதைவிட நல்ல நாளை யாரும் கேட்டு வாங்க முடியாது. சூசையம்மாள் மட்டும் தலையாட்டவில்லை. வர்ற வெள்ளி! இத்தனை பெரிய மனசோடு கொடுத்ததை, இத்தனை பேர் முன்னால் எப்படி வேண்டாம் என்பது? வேண்டாம் என்று சொன்னால் நாகப்பன் வீட்டுச் சோற்றை இரண்டாம் முறை தட்டிவிட்டதாக ஆகும். சொல்லாமல் இருக்கவும் முடியாது. களத்தின் அந்தப் பக்கம் ராயப்பனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மரியம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கெழம வேணாம்" என்றது ஒரு குரல்.

நாகப்பன்.

"ஏன்டா?" என்றார் ரங்கன்.

"அன்னைக்குத்தான் நெசமான சாவு. அன்னைக்கு ராயப்பன் தண்ணியில கை வெக்கமாட்டான். நாங்களும் கேக்கமாட்டோம்."

ரங்கன் விரல் விட்டு நாளை எண்ணினார். "அப்ப சனிக்கெழம வெச்சிக்கோ."

"சனிக்கெழம வலை கட்டினா ஞாயித்துக்கெழம விடியல்லதான் எடுக்கணும். அவரு எழுந்து வர்ற நேரம் அது. இவங்க பழவேற்காட்டுக்குப் போவணும்."

"யோவ், உங்க சாமிக்கு ஒரு நாளும் ஒழியாதாய்யா?" என்று ரங்கன் ராயப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"திங்கக்கெழம ஒழிவாரு" என்று நாகப்பனே பதில் சொன்னான், ஏதோ போய்க் கேட்டுவிட்டு வந்தவன் போல.

களம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை ராயப்பனும் சிரித்தான், பின்வரிசைக்காரனும் சிரித்தான், ரங்கன் திங்கட்கிழமை என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

இத்தனை வருஷம் சூசையம்மாள், இந்தத் திட்டில் ஆண்டவரை முதலில் வைப்பவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். இன்று அவர் பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு மனுஷன், தன் பிள்ளைகளின் வயிற்றுக்கும் முன்னால் அவரை வைத்துவிட்டான். நன்றி, நன்றி, நன்றி என்பதற்கு மேல் அவள் மனசில் எந்தச் செபமும் வரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

ராஜம்மா முழங்கையால் அவள் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"எல்லாத்தையும் இன்னைக்கே அழுது தீத்துடாதடி. வெள்ளிக்கெழமைக்குக் கொஞ்சம் வெச்சிக்கோ."